1942 குளச்சல் கரை, ஒரு உளவாளி, ஒரு ரேந்தைக்காரி: நாவலுக்குச் செய்திப் போக்குவரத்து எப்படி அமைப்பது?

தேரேகால் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். சுமார் 40,000 சொல்லில் வரலாற்றுக் காதல் நாவல் ஒன்று எழுதி வருகிறேன். களம் நம்ம குமரி மாவட்டம், காலம் 1942. நாயகன் மலாயாவில் வளர்ந்த தமிழன். பினாங்கில் உளவுப் பயிற்சி பெற்று ஜப்பானிய நீர்மூழ்கியில் வந்து, குளச்சலுக்கும் மணவாளக்குறிச்சிக்கும் நடுவில் கரையேறுகிறான். நாயகி மிஷன் பள்ளியில் படித்தவள், நாகர்கோவிலில் ரேந்தை (லேஸ்) பின்னும் கூடத்தில் வேலை. அவன் சேகரிக்கும் செய்தியை அவள் ரேந்தையில் பின்னி வெளியே அனுப்புவதாக வைத்திருக்கிறேன்.

இப்போது கையில் இருக்கும் முக்கியமான காட்சிகள்: ஆடி அமாவாசை இரவில் கரையேற்றம். சிங்கப்பூர் வானொலியில் நேதாஜியின் குரலைக் கேட்டு அவன் உருகுவது. மணவாளக்குறிச்சி மோனசைட் மணலில் அணுகுண்டு ரகசியம். கடைசியில் நாகர்கோவில் ரயில் நிலையத்தில் பிரிவு.

கேட்க வேண்டியவை: இதில் காலப்பிழை எங்கெல்லாம் இருக்கிறது? தமிழில் சங்கேதம் எழுதுவது உண்மையில் எப்படி, அதைப் படிப்படியாகக் காட்சியில் காட்ட முடியுமா? ரேந்தையில் செய்தி பின்ன முடியுமா? எல்லாவற்றுக்கும் மேல் ஒரு சிக்கல்: காதல் ஒரு பக்கம், உளவு ஒரு பக்கம் என்று கதை இரண்டாகப் பிளந்து நிற்கிறது. ஒட்டவே மாட்டேன் என்கிறது.

---

ஆரல்காற்று:

தம்பி, முதலில் ரயிலை எடுத்துவிடுங்கள். நாகர்கோவிலுக்கு ரயில் வந்தது 1979ல். 1942ல் கிழக்கே போனால் திருநெல்வேலி, மேற்கே போனால் திருவனந்தபுரம், இந்த இரண்டிலும்தான் ரயில் ஏற முடியும். திருநெல்வேலி சுமார் 80 கிலோமீட்டர், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழி. பிரிவுக் காட்சிக்கு பஸ் போதும், ரயிலைவிட நல்லதும்கூட. போர்க்காலத்தில் பெட்ரோல் கட்டுப்பாடு இருந்ததால் பஸ்கள் கரி வாயுவில் ஓடின. பின்புறம் ஒரு உலை, அதில் மரக்கரி. கிளீனர் கையால் காற்றாடியைச் சுற்றிச் சுற்றி உலையை மூட்டி, வாயு சரியாக வந்த பிறகே எஞ்சின் பிடிக்கும். கால் மணி நேரத்துக்குக் குறையாது. மேட்டில் இழுக்காது, ஆள் இறங்கித் தள்ள வேண்டியிருக்கும். விடைபெற்ற பிறகும் பஸ் கிளம்பாமல் நிற்கிற அந்தக் கால் மணி நேரத்தில் இருவரும் என்ன பேசுவார்கள்? ரயில் விசில் இந்த இடத்தைத் தராது.

நேதாஜி 1942ல் சிங்கப்பூரில் இல்லை, ஜெர்மனியில் இருந்தார். சிங்கப்பூர் வந்தது 1943 ஜூலை 2. ஜான்சிராணிப் படையும் 1943ல்தான், ஆகவே அதையும் உள்ளே இழுக்க வேண்டாம். உங்கள் காலத்தில் மலாயாவில் இருந்தது மோகன்சிங் தலைமையிலான முதல் இந்திய தேசிய ராணுவம், அதுவும் 1942 டிசம்பரில் கலைந்துபோனது. குரல் கேட்டே ஆக வேண்டும் என்றால் ஜெர்மனியிலிருந்து ஒலிபரப்பான ஆசாத் ஹிந்த் வானொலியை வையுங்கள். சிற்றலை, இரைச்சல், மங்கி மங்கி வரும். அதைக் கேட்பதே குற்றம் என்ற பயத்தோடு எழுதுங்கள்.

மோனசைட்டில் அணுகுண்டு என்பதும் நிற்காது. 1945 ஆகஸ்ட் வரை அப்படி ஒரு குண்டு இருப்பதே ஊருக்குத் தெரியாது. அந்த மணலின் கதை வேறு வகையில் சுவையானது. 1909ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் மோனசைட்டைத் தேடி இந்தக் கரைக்கு வந்தார். திருவிதாங்கூர்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணல்தான் அவருக்கு வழிகாட்டியது. அன்றைக்கு அதற்கு மதிப்பு கேஸ் விளக்கு வலைக்கு வேண்டிய தோரியத்தால். முதல் உலகப்போர் வந்ததும் ஜெர்மானியர் கையிலிருந்து தொழில் பிடுங்கப்பட்டது. 1942க்கு வந்தால் அதே மணலில் கிடைக்கும் இல்மனைட் தாதுதான் பெரிய ஏற்றுமதி, வெள்ளைப் பெயின்டுக்கு. உங்கள் நாயகன் தேட வேண்டியது எந்தக் கப்பல் எப்போது குளச்சலில் நின்று எவ்வளவு ஏற்றியது என்கிற சாதாரணக் கணக்கு. உளவு வேலையில் பெரும்பகுதி எண்ணுவதுதான்.

இனி மாட்டிக்கொள்ளும் இடங்கள். அன்று இது திருவிதாங்கூர் சமஸ்தானம். பணம் சக்கரம். 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். ஆனால் பிரிட்டிஷ் ரூபாய்க்கு இருபத்தெட்டரைச் சக்கரம். எட்டணா நாணயத்தைக் கடையில் கொடுத்தால் 14 சக்கரம் 4 காசு கணக்கு. பினாங்கில் அட்டவணையை மனப்பாடம் பண்ணி வந்தவன் 28ஐப் பாதியாக்கி 14 என்று நிறுத்திவிடுவான், அந்த 4 காசைக் கேட்க மாட்டான். ஊர்க்காரன் எவனும் 4 காசை விட மாட்டான். கருப்பட்டிக் கடைக்காரருக்கு இது போதும். இன்னொன்று, மலாயாத் தமிழர் பணத்தை ‘வெள்ளி’ என்பார்கள். தூக்கக் கலக்கத்தில் ‘ரெண்டு வெள்ளி’ என்று வாயில் வந்தால் தீர்ந்தது.

தபாலிலும் இதே இரட்டை நிலைமை உண்டு. திருவிதாங்கூருக்கு அஞ்சல் என்று தனித் தபால், பச்சைப் பெட்டி, சங்கு முத்திரை, சொந்த ஸ்டாம்பு. பிரிட்டிஷ் இந்தியத் தபால் அதற்கு வேறாக ஓடியது. அஞ்சல் ஸ்டாம்பு ஒட்டி மதராசுக்குக் கடிதம் போட முடியாது. நாயகி எந்தப் பெட்டியில் போடுகிறாள் என்பதை வைத்தே கடிதம் சமஸ்தானத்துக்குள்ளா வெளியிலா என்று பார்க்கிறவனுக்குத் தெரிந்துவிடும்.

கடைசியாகக் கடிகாரம். 1942 செப்டம்பர் 1 முதல் இந்திய நேரத்தை ஒரு மணி முன்னே தள்ளினார்கள், 1945 அக்டோபர் வரை. அக்டோபரில் நம்ம ஊரில் சூரியன் எழுவது இன்றைய கணக்கில் 6.10 வாக்கில், அன்றைய கடிகாரத்தில் 7.10. ‘காலை ஆறு மணி, வெயில் ஏறிவிட்டது’ என்று எழுதிவிடாதீர்கள், அது கும்மிருட்டு. மாலையும் அப்படியே, ஏழு மணிக்குத்தான் விளக்கு ஏற்றும் நேரம். பஸ் ஸ்டாண்டு மணியும் வீட்டுக்காரப் பாட்டியின் சூரியக் கணக்கும் ஒத்துப்போகாது. சந்திப்பு ஒன்று தவறுவதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

---

கடப்புறத்தான்:

ஆடி அமாவாசைக் கரையேற்றம் நடக்காது. ஆடியில் நம்ம மேற்குக் கரை கச்சான் என்கிற மேற்குக் காற்றில் கொதிக்கும். கட்டுமரமே இறங்கத் தயங்குகிற கடலில் ரப்பர்ப் படகு கரைமுறியில் கவிழ்ந்துவிடும். அலை உடையும் அந்தக் கடைசி ஐம்பது, அறுபது அடிதான் ஆளைக் கொல்லும், நடுக்கடல் அல்ல. நிஜத்தில் நடந்ததையும் பாருங்கள். பினாங்கில் பயிற்சி பெற்றவர்களில் ஒரு கூட்டம் மலபாரில் தானூர்க் கரையில் இறங்கியது 1942 செப்டம்பர் கடைசியில், மழைக்கால வேகம் தணிந்த பிறகு.

உங்களுக்கு ஏற்ற இரவு காலண்டரிலேயே இருக்கிறது. 1942 அக்டோபர் 10, புரட்டாசி அமாவாசை, சனிக்கிழமை. கொல்லம் ஆண்டு 1118. இதில் சனி என்பது முக்கியம். நிலவில்லாத இரவு என்றால் பாதுகாப்பு என்று கரைக்குப் புதியவர்கள் எழுதுவார்கள், ஆனால் இருட்டு இரவில்தான் கடலில் ஆள் அதிகம். நிலாக் காலத்தில் வலையை மீன் பார்த்து விலகும், இருட்டில்தான் பாடு (மீன்) கிடைக்கும். அதனால் சாதாரண அமாவாசையில் நீர்மூழ்கிக்காரன் வள்ளங்களுக்கு நடுவில் வந்து நிற்பான். ஞாயிறு மட்டும் நம்ம கடப்புறம், அதாவது கிறிஸ்தவ மீனவர் ஊர்கள், கடலுக்குப் போகாது. சனி இரவு கட்டுமரமெல்லாம் மணலில் ஏறிக் கிடக்கும். அமாவாசையும் சனியும் சேர்ந்த இரவு, வேறென்ன வேண்டும். ஞாயிறு காலைப் பூசைக்கு ஊரே கோயிலுக்குள் இருக்கும்போது அவன் தென்னந்தோப்பு தாண்டி விடலாம். ஆனால் கன்னியாகுமரிப் பக்கம் இறக்காதீர்கள். மகாளய அமாவாசைக்குத் தர்ப்பணம் கொடுக்க வந்த கூட்டம் கரையிலேயே தங்கியிருக்கும்.

படகுக் கணக்கு: இரண்டு பேர் துடுப்புப் போட்டால் மணிக்கு இரண்டு, இரண்டரை கிலோமீட்டர். நான்கு கிலோமீட்டர் வெளியே இறக்கினால் இரண்டு மணி நேரம் என்று வையுங்கள், நீரோட்டம் பக்கவாட்டில் இழுப்பதையும் சேர்த்து. குறித்த இடத்தில் கரையேறினான் என்று எழுதினால் நம்ப முடியாது. ஒரு ஊர் தள்ளித்தான் ஏறுவான். வழிகாட்ட விளக்கு இருக்கும் என்றும் நம்ப வேண்டாம், கடற்கரையில் இருட்டடிப்புக் காலம். துடுப்பு கிளறும் இடத்தில் சில இரவுகளில் தண்ணீர் நீலமாக ஒளிரும். இருட்டில் அது கண்ணில் படும்.

கரையேறிய பிறகு படகை என்ன செய்வான்? கிழித்து மணலில் புதைப்பான். மூன்றடிக்கு மேல் தோண்டினால் தண்ணீர் ஊறும், ஆழம் குறைந்தால் இரண்டு நாள் அலையில் மணல் அரித்து ரப்பர் வெளியே தெரியும். மணவாளக்குறிச்சிப் பக்கம் கருமணல். இருட்டில் ஆள் தெரியாதது நல்லது, ஆனால் தோண்டிய இடத்தில் கறுப்புக்கு மேல் வெள்ளை மணல் கலந்து காலையில் திட்டாகக் காட்டிக்கொடுக்கும். திங்கள் காலை கரைமடி வலை இழுக்க வருகிறவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

தானூரில் இறங்கியவர்கள் கரையேறிய கொஞ்ச நேரத்திலேயே பிடிபட்டார்கள். அவர்களில் வக்கம் காதர், அனந்தன், வேறு வழிகளில் வந்த பௌஜா சிங், சத்யேந்திர சந்திர பரதன் என நால்வரையும் 1943 செப்டம்பர் 10ல் மதராசில் தூக்கிலிட்டார்கள். காதர் தூக்குக்கு முன் தகப்பனாருக்கு எழுதிய கடிதம் இன்றும் பேசப்படுகிறது. உங்கள் நாயகனை இந்தக் குழுவில் சேர்க்காமல் கற்பனையாகத் தனி ஒருவனாக்குங்கள். ஆனால் இந்தச் செய்தி ஊருக்கு எட்டுகிற நாளில் நாயகி என்ன ஆவாள் என்பதை விட்டுவிடாதீர்கள்.

---

எழுத்தாணி:

சங்கேதத்துக்கு வருகிறேன். ஆங்கில எழுத்தில் செய்து பிறகு தமிழ் என்று சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை. தமிழ் நெடுங்கணக்கே தயாரான கட்டம். மெய் 18, உயிர் 12. க் 1, ங் 2 என்று தொடங்கி ன் 18 வரை. அ 1 முதல் ஔ 12 வரை. ஒவ்வொரு எழுத்துக்கும் நான்கு இலக்கம், முதல் இரண்டு மெய், அடுத்த இரண்டு உயிர். தனி மெய் என்றால் பின்பகுதி 00, தனி உயிர் என்றால் முன்பகுதி 00. ‘முட்டம்’ எழுதினால் 1005 0500 0501 1000. கிரந்த எழுத்துக்கு இடமில்லை, ஆகவே ஜப்பான் ‘சப்பான்’ ஆகும், அல்லது 19 முதல் நான்கு எண்ணைக் கூட்டிக்கொள்ள வேண்டும். இதை முன்பே பேசி வைக்காவிட்டால் மறுமுனையில் குழப்பம்.

இது பூட்டு அல்ல, எழுத்தை எண்ணாக்கும் வேலை மட்டும். பூட்டு வேறு. அந்தப் போரில் பிரிட்டிஷ் உளவு அமைப்பு தன் ஆட்களுக்குக் கவிதையை மனப்பாடம் பண்ணிக் கொடுத்தது. காகிதம் கையில் இருக்கக் கூடாது என்பதற்காக. கவிதையிலிருந்து சொற்களை எடுத்து, அந்த எழுத்துகளின் அகரவரிசைப்படி நெடுவரிசைகளைக் கலைப்பார்கள். தமிழில் செய்து காட்டுகிறேன்.

சாவிச் சொல் ‘கடலோரம்’. ஐந்து எழுத்து: க, ட, லோ, ர, ம். அகரவரிசையில் க முதல், ட இரண்டு, ம் மூன்று, ர நான்கு, லோ ஐந்து. ஆகவே சாவி 1 2 5 4 3. செய்தி ‘ஞாயிறு இரவு குளச்சல் வா’. இதை ஐந்தைந்தாக எழுதினால்

ஞா யி று இ ர
வு கு ள ச் ச
ல் வா ம லை டு

கடைசி மூன்றும் வெற்றிடம் நிரப்பப் போட்டவை. இப்போது சாவி எண் 1 உள்ள நெடுவரிசையை மேலிருந்து கீழாக எழுது, பிறகு 2, பிறகு 3 என்று. கிடைப்பது: ஞாவுல் யிகுவா ரசடு இச்லை றுளம. பார்த்த உடனே இது சங்கேதம் என்று தெரிந்துவிடும், ‘ச்லை’ என்று தமிழில் எங்கே வரும்? அதனால்தான் எண்ணாக்க வேண்டும். ஞாவுல் என்பது 0402 1405 1300. ஐந்தைந்து இலக்கமாக உடைத்தால் 04021 40513 00 என்று ஓடும். ஒரு தடவை கலைப்பது போதாது, வேறொரு சொல்லைச் சாவியாக்கி இரண்டாம் முறை கலைத்தால்தான் உடைப்பது கடினம். அப்போதும் ஒரு ஓட்டை: நான்கு இலக்கத்தில் பின் இரண்டு 12ஐத் தாண்டுவதே இல்லை. பொறுமையுள்ளவன் இதைப் பார்த்துத் தமிழ் என்றே ஊகிப்பான். அதை மூட, ஒவ்வொரு இலக்கத்தோடும் ஒரு ரகசிய எண்ணை மீதி எடுத்துச் செல்லாமல் கூட்டுவார்கள். 1005உடன் 7316ஐக் கூட்டினால் 8311. 5ம் 6ம் 11, அதில் 1 மட்டும். மறுமுனையில் இதே போலக் கழித்தால் 1005 திரும்ப வரும்.

வயர்லெஸ் வைக்கிறீர்கள் என்றால் நேரக் கணக்கு இது. அந்த 15 எழுத்துச் செய்தி 60 இலக்கம், 12 தொகுதி. மோர்ஸில் எண்கள் நீளமானவை, நிமிடத்துக்கு 12 சொல் வேகத்தில் அடிக்கிறவனுக்கு ஆறு ஏழு தொகுதிதான் போகும். ஆக இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. ஐந்து நிமிடம் தாண்டினால் திசை கண்டுபிடிக்கும் கருவிக்காரனுக்கு வாய்ப்புக் கொடுக்கிறான். 7 மெகாஹெர்ட்ஸ் என்றால் ஏரியல் கம்பி ஏறக்குறைய 20 மீட்டர், இரண்டு தென்னைக்கு நடுவில் கட்டலாம். உப்புக் காற்றில் பீங்கான் காப்பான் மேல் ஈரப் படலம் ஏறி மின்சாரம் கசியும், துடைக்காமல் அனுப்பினால் சமிக்ஞை நலிந்து போகும். பெரிய தொல்லை பேட்டரி. அக்யுமுலேட்டரை யார் சார்ஜ் பண்ணுவது? கடப்புறத்து ஊரில் அதைச் சுமந்துகொண்டு நடக்கிறவனை எல்லாரும் பார்ப்பார்கள். என் யோசனை, வயர்லெஸ்ஸை முதல் மாதத்திலேயே செத்துப்போக விடுங்கள். பிறகு கடிதம்தான் வழி என்றாகும். காதல் கதைக்கு அது நல்லது.

மறைமை மைக்கு எலுமிச்சைச் சாறு எல்லாரும் எழுதுகிறார்கள். கஞ்சித் தண்ணீர் இன்னும் நல்லது. வடித்த கஞ்சியை ஆறவைத்துத் துணியில் வடிகட்டி, ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணீர். ஈர்க்குச்சி நுனியில் பஞ்சு சுற்றி எழுத வேண்டும், இரும்பு நிப்பு காகிதத்தைக் கீறிவிடும். மறுமுனையில் டிங்சர் அயோடின் சில துளி ஒரு கிண்ணம் தண்ணீரில் விட்டு மேலே தடவினால் எழுத்து நீலமாக எழும். கெட்டுப்போவது எங்கே? காகிதத்திலேயே மாவுப் பசை இருந்தால் முழுத்தாளும் நீலமாகும், ஆகவே முதலில் மூலையில் ஒரு துளி விட்டுப் பார்க்க வேண்டும். ஐப்பசி ஈரத்தில் எழுதிய வரி மட்டும் சுருங்கும், சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் பளபளக்கும். அதற்கு, எழுதி முடித்ததும் முழுத்தாளையும் லேசாக ஈரப்படுத்திக் கனமான பெட்டிக்கடியில் அழுத்தி உலர்த்தி, அதன்பிறகே மேலே சாதாரண மையில் கடிதம் எழுத வேண்டும். தணிக்கைக்காரர்களிடமும் அயோடின் இருந்தது என்பதை மறக்காதீர்கள்.

ரேந்தை: பின்னலில் செய்தி வைப்பது நேரத்துக்கு ஒவ்வாது. தலையணை மேல் ஊசி குத்திப் பாபின் (நூல் சுற்றிய கட்டை) மாற்றிப் பின்னும் ரேந்தை மணிக்குச் சில சென்டிமீட்டர்தான் வளரும். ஆனால் பின்னுவதற்கு முன் அட்டையில் துளை குத்துவார்கள் இல்லையா, அந்த மாதிரி அட்டை போதும். வரிசைக்கு 18 துளை. ஒரு வரிசை மெய்க்கு, அடுத்த வரிசை உயிருக்கு. மெய் வரிசையில் பத்தாவது துளையும் உயிர் வரிசையில் ஐந்தாவது துளையும் அரை மில்லிமீட்டர் விலகினால் ‘மு’. விலகலே இல்லாத வரிசை 00. நாற்பது வரிசை அட்டையில் இருபது எழுத்து. ஒரு மாலை வேலை. அட்டையைத் தபாலில் அனுப்பக் காரணமும் இருக்கிறது, மாதிரி கேட்டு எழுதுகிறவர்கள் உண்டு.

---

தேரேகால்:

ஆரல்காற்று அண்ணே, கடப்புறத்தான், எழுத்தாணி சார், மூன்று பேருக்கும் நன்றி. ரயிலும் நேதாஜியும் போனார்கள், கரி பஸ் வந்தாயிற்று. துளை அட்டையைப் பிடித்துக்கொள்கிறேன். ஆனால் கடைசிக் கேள்வி அப்படியே இருக்கிறது. சாவிச் சொல், அட்டை, அமாவாசை எல்லாம் அவன் வேலை. காதல் இன்னும் தனியாகத்தான் நிற்கிறது.

---

மருதவாழ்மலை:

தனியாக நிற்பதற்குக் காரணம், இரண்டுக்கும் வேறு வேறு பொருள் வைத்திருக்கிறீர்கள். கடிதத்தில் காதல், அட்டையில் உளவு. ஒரே பொருளில் இரண்டும் இருக்கட்டும். எழுத்தாணி கவிதைச் சாவி சொன்னாரே, உங்கள் நாவல் அங்கேதான் இருக்கிறது.

அச்சான பாட்டைச் சாவியாக வைத்தால் எதிரி ஊகித்துவிடுவான். பிரிட்டிஷாருக்கே வந்த கஷ்டம் அது. குறளோ கீர்த்தனமோ வைத்தால் ஒரு தமிழ்ப் பண்டிதர் போதும். ஆகவே சாவி யாரும் எழுதாத பாட்டாக இருக்க வேண்டும். அவன் அதை எழுதி அவளுக்குக் கொடுக்கிறான். அவளுக்கு அது காதல் பாட்டு. அவனுக்கு அது சாவியும்கூட, அதை அவளிடம் சொல்லவில்லை. எப்போதாவது பிடிபட்டால் சாவி இருவர் நினைவில் மட்டும்தான் இருக்கும். கொஞ்ச நாளில் அவள் அதை மெட்டுப் போட்டு ரேந்தைக் கூடத்தில் முணுமுணுக்கிறாள், பக்கத்துப் பெண்கள் பிடித்துக்கொள்கிறார்கள், டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்குள் வடசேரிச் சந்தை வரை பாட்டு போய்விடுகிறது. அவள் அன்பால் செய்தது அவன் கழுத்துக்குக் கயிறாகிறது. அவளிடம் உண்மையை மறைத்தது அவன் குற்றம். இந்த இடத்தை அவசரமாகக் கடக்க வேண்டாம், நாவலில் ஐந்தில் ஒரு பங்கையாவது இதற்குக் கொடுங்கள்.

வில்லனும் போலீஸ்காரனாக இருக்க வேண்டாம். அரை மில்லிமீட்டர் விலகல் எந்தப் போலீஸ்காரன் கண்ணுக்கும் படாது. ரேந்தைக் கூடத்தில் மேற்பார்வை பார்க்கிற மூத்த பெண்ணின் கண்ணுக்குப் படும். மாதிரி என்பது திரும்பத் திரும்ப ஒரே போல வர வேண்டியது, இந்த அட்டையில் விலகல் திரும்ப வராது. ‘பிள்ளே, இந்த அட்டையில பின்னினா பூவே விழாதே’ என்று அந்த அக்கா கேட்கிற கேள்வி, துப்பாக்கிச் சத்தத்தைவிடப் பயம் தரும். அவள் காட்டிக்கொடுப்பாளா மாட்டாளா என்பதில் இருபது பக்கம் ஓடும். அந்த அக்காவுக்கும் ஒரு நியாயம் கொடுங்கள். பர்மா அரிசி நின்றுபோய் வீட்டில் மூன்று வேளையும் மரச்சீனிக் கிழங்கு. அப்படிப்பட்டவளுக்கு ஜப்பான்காரன் மேல் என்ன பிரியம் இருக்கும்?

சந்திப்பு இடங்களை வேலையோடு கட்டுங்கள். நாகர்கோவிலில் வேலை பார்க்கிற பெண்ணும் கடப்புறத்தில் ஒளிந்திருக்கிற ஆணும் தற்செயலாக வாரம் மூன்று தடவை சந்திக்க முடியாது. அஞ்சல் ஆபீசு, திருவிழா, நூல் வாங்கப் போகிற நாள், இப்படி மாதத்துக்கு இரண்டு. சந்திப்பு குறைந்தால்தான் கடிதத்துக்குப் பசி வரும். அவன் யார் என்று ஊருக்குச் சொல்வது என்பதையும் முடிவு செய்யுங்கள். மலாயாவிலிருந்து சண்டைக்கு முன்பே திரும்பிய கங்காணி மகன் என்று வைத்தால் ‘வெள்ளி’ என்று வாய் தவறியதற்குக்கூடச் சமாதானம் உண்டு. அப்போது ஆரல்காற்று சொன்ன 4 காசுதான் மீதமாகும், அந்தச் சின்னத் தடயமே போதும்.

சட்டத்தையும் பாருங்கள். எதிரி ஏஜெண்டுகள் அவசரச் சட்டம் 1943 தொடக்கத்தில் வந்தது, உதவி செய்தவருக்கும் தூக்கு வரை போகலாம். பாட்டு சாவி என்று தெரியாமல் வைத்திருந்தவள் ஒரு நிலை, தெரிந்தபின் ஒரே ஒரு அட்டை குத்தினவள் வேறு நிலை. அவள் தெரிந்தே குத்துகிற அந்த ஒரு அட்டைதான் அவள் தரும் வாக்கு. ‘நேசிக்கிறேன்’ என்று ஒரு வரி வசனம்கூட அங்கே வேண்டாம்.

---

தேரேகால்:

அக்கா, இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். ஒன்று மட்டும். அவன் பிடிபட்ட பிறகு போலீஸ் அவன் கையாலேயே கடிதம் எழுத வைத்து அவளை வரவழைக்கப் பார்க்கிறது. இது பொய்க் கடிதம் என்று அவள் எப்படிக் கண்டுபிடிப்பாள்?

---

எழுத்தாணி:

அதற்கு அன்றைக்கு நடைமுறை இருந்தது. ஒவ்வொரு செய்தியிலும் வேண்டுமென்றே ஒரு குறிப்பிட்ட பிழை விடுவார்கள். பிழை இல்லாமல் வந்தால் ஆள் பிடிபட்டான் என்று அர்த்தம். இதை மதிக்காமல் போனதால் ஹாலந்தில் 1942 முதல் 1944 வரை ஜெர்மானியர் பிரிட்டிஷ் உளவாளிகளை ஒருவர் பின் ஒருவராகப் பிடித்தார்கள், ஐம்பது பேருக்கு மேல். செய்தியில் பிழை காணவில்லை என்று தெரிந்தும் லண்டன் நம்பிக்கொண்டே இருந்தது.

தமிழில் ஒற்றுப் பிழையை வைக்கலாம் என்று தோன்றும். ‘அவளை பார்த்தேன்’ என்று எப்போதும் எழுதுகிறவன் ஒருநாள் ‘அவளைப் பார்த்தேன்’ என்று எழுதினால் அடையாளம். ஆனால் இது ஆபத்து. போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர் நகலெடுக்கும்போது கைப்பழக்கத்தில் ப் போட்டுவிடுவான், அல்லது எடுத்துவிடுவான். அடையாளம் யார் கையிலும் தானாகத் திருந்தாததாக இருக்க வேண்டும்.

தேதியை வையுங்கள். அவன் இதுவரை எல்லாக் கடிதத்திலும் கொல்லம் ஆண்டும் தமிழ் மாதமும் போட்டிருக்கிறான், 1118 புரட்டாசி, 1118 ஐப்பசி என்று. அவள்தான் கற்றுக்கொடுத்தது, மலாயாவில் வளர்ந்தவனுக்கு அது தெரியாது. பொய்க் கடிதத்தில் அவன் இங்கிலீஷ் தேதி போடுகிறான். பக்கத்தில் நிற்கிற இன்ஸ்பெக்டருக்கு எதுவும் உறுத்தாது, சர்க்கார் காகிதமெல்லாம் அப்படித்தான் இருக்கும். அவள் உறையைப் பிரித்து முதலில் பார்ப்பது வலது மூலையை.

கடிதத்தை எந்தப் பெட்டியில் போட்டார்கள் என்பதையும் பார்க்கட்டும். மதராசில் அடைத்துவைத்து எழுத வைத்தால் சங்கு முத்திரை இருக்காது. அந்தத் தவறைப் போலீஸ் செய்யக் கூடாது என்றால், கடிதத்தை ஆள் மூலம் தக்கலைக்குக் கொண்டுவந்து அஞ்சல் பெட்டியில் போட வேண்டும். அதற்கு ஒரு நாள், ஒன்றரை நாள் பிடிக்கும். மேலே எழுதிய தேதிக்கும் அஞ்சல் முத்திரைத் தேதிக்கும் அந்த இடைவெளி அப்படியே தெரியும்.